கல்லினுள் தேரை

காற்றும் வெளிச்சமும் புகாத பாறைக் குழியில் அடைபட்டுக் கிடக்கும் தேரைக்கும் படியளக்கிறவன் ஒருவன் இருக்கிறான் என்று சொல்லித் துன்பக் காலத்தில் மனத்தைத் தேற்றிக்கொள்வது நம் நாட்டில் நெடுங்காலமாக இருந்துவரும் வழக்கம். இந்தக் கல்லினுள் தேரை நமக்கு மட்டும் சொந்தமானதன்று. இங்கிலாந்திலே கல் வெட்டுகிறவர்களும் நிலக்கரிச் சுரங்கங்களில் உழைக்கிறவர்களும், கல்லைப் பிளந்தபோது உள்ளிருந்து உயிருள்ள தேரையொன்று வெளிப்பட்டதாகப் பதினெட்டாம், பத்தொன்பதாம் நூற்றாண்டுகளில் பலமுறை சாட்சி சொல்லியிருக்கிறார்கள். நம்மவர்கள் அதிலே தெய்வத்தின் கருணையைக் கண்டார்கள். அங்குள்ளவர்களில் சிலரோ, மகாப் பிரளயத்துக்கு முற்பட்ட காலத்திலிருந்தே அந்தப் பிராணி அங்கே துயின்றுகொண்டிருந்தது என்றுகூட வாதித்தார்கள்.

வாதத்தை விட்டுவிட்டுப் பரிசோதனையில் இறங்கியவர்களுள் முக்கியமானவர் ஆக்ஸ்போர்டு சர்வகலாசாலையில் பூகர்ப்ப சாஸ்திரம் போதித்த வில்லியம் பக்லண்ட். துளைகள் மிகுந்த சுண்ணாம்புக்கல் ஒன்றிலும் நெருக்கமான மணற்கல் ஒன்றிலுமாகப் பன்னிரண்டு பன்னிரண்டு குழிகள் குடைவித்து, குழிக்கு ஒன்றாக இருபத்துநான்கு தேரைகளை நிறுத்து உள்ளே வைத்து, மேலே கண்ணாடித் தட்டுகளைப் பொருத்திச் சந்துகளை அடைத்து, 1825ஆம் ஆண்டு நவம்பர் 26ஆம் தேதி தம் தோட்டத்தில் மூன்றடி ஆழத்தில் அவ்விரு கற்களையும் அவர் புதைத்தார். ஓராண்டு கழித்து, 1826 டிசம்பரில் தோண்டிப் பார்த்தபோது, மணற்கல்லில் இருந்தவை எல்லாம் என்றைக்கோ மாண்டு அழுகிப் போயிருந்தன. சுண்ணாம்புக்கல்லிலும் சிறிய தேரைகள் மாண்டிருந்தன. ஆனால் அதிலிருந்த பெரிய தேரைகளிற் பல உயிரோடு இருந்தன. அவற்றிலும் இரண்டு, பட்டினி கிடந்தவை என்று யாரும் நம்ப முடியாதபடி, முன்னிருந்ததைவிட எடை கூடியிருந்தன! அவ்விரண்டில் ஒன்றின் குழியை மூடியிருந்த கண்ணாடியில் விரிசல் கண்டிருந்ததைக் கவனித்த பக்லண்ட், விரிசலின் வழியே நுழைந்த சிறு பூச்சிகளே அதற்கு ஆகாரமாயின என்று ஊகித்தார். பிழைத்தவற்றை மறுபடியும் புதைத்தார். இரண்டாம் ஆண்டு முடிவதற்குள் அவையும் இறந்தன.

பக்லண்ட் கண்ட முடிவு, நம்பிக்கையாளர், மறுப்பாளர் ஆகிய இரு கட்சியாருக்கும் முழுத் திருப்தி தருவதன்று. கல்லுக்குள் தேரை யுகக் கணக்காக வாழ்ந்திருக்க முடியாது. எனினும் பாறை வெடிப்பில் குஞ்சாக நுழைந்து, அங்கே வரும் பூச்சிகளைத் தின்று பருத்து, வந்த வழியே திரும்ப மாட்டாமல் சிறைப்பட்ட தேரை ஒன்று, காற்றும் ஈரமும் அற்ப அளவில் கசிந்துகொண்டிருந்தால், மாதக் கணக்கில் உயிர் தரிக்கக்கூடும். ஆகவே கல்வெட்டும் தொழிலாளர் எல்லாரும் பொய் சொன்னார்கள் என்று கொள்ள வேண்டிய அவசியமில்லை. கண்டது மெய், கட்டிய காரணந்தான் பொய். தவளை, தேரைகளைப் பற்றி நம்மிடையே வழங்கும் செய்திகளில் பெரும்பாலானவற்றுக்கு இந்தத் தீர்ப்புப் பொருந்தும் என்பது என் அபிப்பிராயம். அவற்றின் மெய்யான காரணத்தைத் தேடிப் போகிறவன், எந்த வழியாகப் புறப்பட்டாலும், கடைசியில் வந்து சேருகிற இடம் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கிறது: அந்தப் பிராணியின் தோல்.

நமக்குத் தோல் என்பது உடம்பை மூடிக் காக்கும் கவசம். தவளைக்கோ அது வாயும் மூக்கும் செய்ய வேண்டிய காரியங்களிலும் பங்கு கொள்ளும் ஓர் அங்கம். தவளைக்குச் சுவாசப்பைகள் இல்லாமலில்லை. மார்பை விரித்துக் காற்றை உள்ளிழுக்க விலா எலும்புக் கூடு இல்லாத குறையைத் தொண்டையை ஓயாமல் ஏற்றி இறக்கித் தீர்த்துக்கொள்கிறது. தவளை சும்மா உட்கார்ந்திருக்கும்போதும் அதன் தாடைக்குக் கீழ்ப்பக்கம் துடித்துக்கொண்டே இருப்பது இதற்காகத்தான். ஆனால் சுவாசத்தில் வெளியேற வேண்டிய கரியமில வாயுவின் பெரும் பகுதி ஈரமான தோலின் வழியாகவே கழிந்துவிடுகிறது. பிராணவாயுவிலும் ஒரு பங்கு அவ்வழியே உள்ளே வருகிறது. உடம்பைச் சூடாக வைத்துக்கொள்ள ஆகாரத்தைச் செலவிட வேண்டிய நிர்ப்பந்தம் இல்லாத குளிர் இரத்தப் பிராணியாகையால், அசைவற்றுக் கிடக்கும் தேரைக்கு வேண்டிய காற்று மிகக் கொஞ்சம், உணவு அதனினும் கொஞ்சம்.

தவளை தண்ணீர் குடிப்பதைப் பார்த்தவர் உண்டா? நீரிலேயே கிடந்தும் அது வாயால் ஒரு வாய் நீரும் பருகுவதில்லை. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியிலேயே ராபர்ட் டௌன்சன் என்ற ஆராய்ச்சியாளர், தவளை தனக்கு வேண்டிய நீரைத் தோலின் மூலம் உறிஞ்சிக்கொள்கிறது என்று எடுத்துக்காட்டினார். வயிற்றின் அடிப்புறத்திலும் தொடைகளின் உட்புறத்திலும் உள்ள தோல் மெல்லியதாய், இரத்த நாளங்கள் நிறைந்ததாய் இருக்கிறது. ஈரத்தரையில் கால்களைப் பரப்பி வயிற்றைப் படிய வைத்து உட்கார்ந்துவிட்டால், அதுவே அதற்குத் தாகசாந்தி. கோடைக் காலத்தில் குளியலறை மூலையிலும், தண்ணீர்ப் பானையின் அடியிலும், துளசி மாடத்தின் நிழலிலும் தேரை வந்து குந்தியிருப்பது இதன் பொருட்டே. சித்த வைத்திய மரபில் வழங்கும் கதை ஒன்றில், அகத்தியர் ஒருவனுடைய கபாலத்தைத் திறந்து, மூளையைப் பற்றிக்கொண்டிருந்த தேரையை எவ்வாறு எடுப்பது என்று திகைத்து நிற்க, சீடன் ஒரு பாத்திரத்தில் தண்ணீரைக் கொண்டுவந்து அசைத்துக் காட்டினான் என்றும், தேரை அதில் தானாகவே குதித்துவிட்டது என்றும், அதனால் அச்சீடனுக்குத் தேரையர் என்ற பெயர் வாய்த்தது என்றும் சொல்வார்கள். மண்டைக்குள் தேரை போவது எப்படி என்று கேட்பது இங்கே வீண். அந்தக் கதையைக் கட்டியவன் தேரையின் சுபாவத்தை நன்கு அறிந்தவன் என்பதே நாம் கவனிக்கத்தக்கது.

பிடித்தவுடன் தேரை கையில் நீரைப் பெய்துவிடுவதைக் கண்டு அதை விஷமென்று அஞ்சுகிறவர்கள் பலர். உண்மையில் அது மிகவும் நீர்த்த சிறுநீர். வறண்ட நாளுக்கென்று சேர்த்து வைத்த கையிருப்பு. வெளியே ஈரம் கிடைக்காத காலத்தில் சிறுநீர்ப்பையிலுள்ள நீரைத் தவளையினம் திரும்ப உடம்புக்குள் இழுத்துக்கொள்ளும் சக்தி வாய்ந்தது. ஆஸ்திரேலியப் பாலைநிலத்தில் வாழும் ஒரு தவளை இந்தச் சேமிப்பை அளவு கடந்து செய்வதால், அந்நாட்டு ஆதிகுடிகள் மண்ணைத் தோண்டி அதை எடுத்து, அழுத்தி, வெளிவரும் நீரைப் பருகித் தாகம் தணித்துக்கொண்டார்கள். அத்தவளை பூமிக்குள் இருக்கும் காலத்தில் தன் மேல்தோலை அடுக்கடுக்காக உரித்து, உரித்ததை எறிந்துவிடாமல், உடம்பைச் சுற்றி உறையாக அமைத்துக்கொள்கிறது. நீரை உள்ளே விடுகிற தோலே, காலம் மாறியபோது, நீரை வெளியே விடாத மதிலாகவும் ஆகிறது.

கோடையில் தவளைகள் எங்கே போகின்றன என்ற கேள்விக்கு விடை இதில் அடங்கியிருக்கிறது. சில, வற்றாத குட்டைகளின் சேற்றில் ஒதுங்குகின்றன. சில, வயல் வரப்பின் வெடிப்புகளிலும் மரப்பொந்துகளிலும் புகுகின்றன. பின்னங்காலில் மண்வெட்டி போன்ற புடைப்பு உடையவை பின்பக்கமாகவே மண்ணைத் தள்ளிப் பூமிக்குள் இறங்கிவிடுகின்றன. இந்த மறைவாழ்க்கையை அதன் எல்லைவரை கொண்டுபோயிருப்பது, மேற்குத் தொடர்ச்சி மலையில் உள்ள ஊதாத் தவளை. ஆண்டின் பெரும் பகுதியைப் பூமிக்குள் கறையான் தின்று கழித்து, மழை தொடங்கும்போது சில நாட்கள் மாத்திரம் இனவிருத்திக்காக மேலே வரும் அதை 2003ஆம் ஆண்டில்தான் விஞ்ஞான உலகம் பெயரிட்டு ஏற்றுக்கொண்டது. அதன் நெருங்கிய உறவினங்கள் கடல் கடந்த செஷல்ஸ் தீவுகளில் இருக்கின்றன என்பது, அந்நிலங்கள் ஒன்றாயிருந்த பண்டைக் காலத்துக்கு ஒரு சாட்சி. ஆனால் மலைவாழ் மக்கள் அதனை முன்பே அறிவார்கள். அருவிப் பாறைகளில் ஒட்டிக்கொண்டு வளரும் அதன் தலைப்பிரட்டைகளை அவர்கள் உணவாகவும் கொண்டதுண்டு. அதே வகையைச் சேர்ந்த இரண்டாவது இனம் ஸ்ரீவில்லிபுத்தூரை அடுத்த மலைச்சரிவிலிருந்து 2017இல் விவரிக்கப்பட்டு, கோயம்புத்தூர் சாலிம் அலி பறவையியல் மையத்தில் ஊர்வன ஆராய்ச்சி செய்து மறைந்த பூபதியின் பெயரைப் பெற்றது.

மழைக்கும் தவளைக்கும் உள்ள சம்பந்தத்தைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். ஓராண்டு அசையாமல் கிடந்த தவளைகள் மழை பட்டதும் விழித்துக் குரலெழுப்புவதை ரிக் வேதத்தின் ஏழாம் மண்டலத்து 103ஆம் சூக்தம், வேதம் ஓதும் அந்தணர்களோடு ஒப்பிட்டுப் பாடுகிறது. நம் கிராமங்களிலோ மழை பொய்த்தால் தவளைக்குக் கல்யாணம் செய்து பார்ப்பதும் உண்டு. தவளை கத்தினால் மழை வரும் என்பதில் ஒரு பாதி நியாயம் இருக்கிறது. காற்றில் ஈரம் மிகும்போது, தோல் காய்ந்துவிடும் அச்சமின்றி வெளியே வந்து நெடுநேரம் தங்கத் தவளைக்குத் துணிவு பிறக்கிறது. அந்த ஈரமே பல சமயங்களில் மழையையும் கொண்டுவருகிறது. கத்துவது மழையை அழைப்பதற்கன்று, பெண் தவளையை அழைப்பதற்கு. கத்துகிறவை எல்லாம் ஏறக்குறைய ஆண்களே. புதுமழையில் தேங்கிய குட்டையில் முட்டையைத் தின்ன மீன்கள் இரா. ஆனால் அந்தக் குட்டை சில வாரங்களில் வற்றியும் போகும். ஆகையால் முதல் மழை இரவிலேயே கூடி, முட்டையிட்டு, தலைப்பிரட்டை கால் முளைத்துக் கரையேறும்வரை நீர் நிற்குமென்ற பந்தயத்தில் இறங்குவதைத் தவிர அவற்றுக்கு வேறு கதியில்லை. அந்த அவசரமே நாம் கேட்கும் ஆரவாரம்.

அந்த இரவுகளில் நம் வயல்களில் வாழும் பெருந்தவளையைக் கண்டவர்கள், அதே பிராணிதானா என்று ஐயுறுவார்கள். பசுமையும் பழுப்புமாக இருந்த ஆண், எலுமிச்சை மஞ்சளாக மாறி, தாடையின் இரு பக்கமும் நீலப் பைகள் உப்ப நின்று கத்தும். கத்தும்போது தவளை வாயைத் திறப்பதில்லை. வாயும் மூக்கும் மூடியிருக்க, சுவாசப்பையிலுள்ள காற்றைக் குரல்வளை வழியாகக் குரற்பைக்குள் தள்ளுகிறது. அந்தக் காற்றே திரும்பிப் போய் மீண்டும் வருகிறது. ஒவ்வோர் இனத்துக்கும் தனித்தனிக் குரல் உண்டு. பத்து இனங்கள் ஒரே குளத்தில் கூச்சலிட்டாலும் பெண் தன் இனத்தின் குரலைத் தெரிந்து போய்ச் சேருகிறது. வாய் திறந்து அலறுவது பாம்பின் வாயில் அகப்பட்டபோதுதான்.

தவளை தன் வாயால் கெடும் என்ற பழமொழியை நான் நெடுநாள் வெறும் நீதி வசனமாகவே எண்ணியிருந்தேன். பாம்பு இரையைத் தேடுவது முக்கியமாக மோப்பத்தாலும் அதிர்வாலும். ஆகையால் கத்துவதால் மட்டும் தவளை கெடுவது எங்ஙனம் என்று கேட்கத் தோன்றும். பழமொழிக்குத் தக்க பிரமாணம் பனாமா நாட்டுக் காடுகளிலிருந்து வந்தது. அங்கே தவளையின் குரலைக் கேட்டே பறந்துவந்து அதைக் கவ்விச் செல்லும் வௌவால் ஒன்று உண்டு என்பதை மெர்லின் டட்டில், மைக்கேல் ரையன் என்ற இருவர் 1981இல் வெளியிட்டார்கள். அக்காட்டில் உள்ள சிறு தவளையொன்று தனித்திருக்கும்போது எளிய இழுப்போசை ஒன்றை மட்டும் எழுப்பும். போட்டிக்கு வேறு ஆண்கள் வந்தால் அதன் முடிவில் ஒரு வெட்டோசையையும் சேர்க்கும். பெண் விரும்புவது வெட்டோசை சேர்ந்த குரலை. வௌவால் தேடி வருவதும் அதையே. வம்சம் விளங்குவதும் பிராணன் போவதும் ஒரே குரலால் ஆகின்றன என்னும் இந்த விஷயத்தில், பழமொழி சொன்னவரைக் காட்டிலும் இயற்கை கடுமையானது.

மழையோடு வானத்திலிருந்து தவளை விழுகிறது என்பதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஒரே நாளில் இடப்பட்ட ஆயிரக்கணக்கான முட்டைகளிலிருந்து வந்த குஞ்சுகள், ஏறக்குறைய ஒரே காலத்தில் வால் ஒடுங்கி, மழை ஈரத்தைத் துணைகொண்டு கரையேறிச் சாலையை நிறைப்பதைக் கண்டவர்கள், முந்தின நாள் இல்லாதது இன்று எங்கிருந்து வந்தது என்று வானத்தைப் பார்த்தார்கள். வால் அறுந்து விழுவதில்லை. உடம்பே அதைக் கரைத்துத் தனக்குள் எடுத்துக்கொள்கிறது. பாசியைச் சுரண்டிய வாயும் நீண்ட குடலும் பூச்சி தின்பதற்கேற்ப உருமாறும் அந்நாட்களில் குஞ்சுக்கு அந்த வாலே ஆகாரம்.

தேரையைத் தொட்டால் மரு வரும் என்பது பொய். மரு வருவது மனிதனிடமிருந்து மனிதனுக்குத் தொற்றும் வைரஸால். தேரையின் முதுகிலுள்ள புடைப்புகள் சுரப்பிகள். ஆயினும் தேரையிடம் விஷம் இல்லை என்று சொல்வதும் பொய்யே. கண்ணுக்குப் பின்னால் நீண்டு தடித்திருக்கும் இரு சுரப்பிகளிலிருந்து, அழுத்தினால், இருதயத்தைத் தாக்கும் பாலொத்த திரவம் கசிகிறது. தேரையைக் கவ்விய நாய் நுரை தள்ளி விட்டோடுவது அதனால்தான். நம் வீட்டு வாசலில் சாதுவாக உட்கார்ந்திருக்கும் இதே சாதித் தேரை, மடகாஸ்கர் தீவில் குடியேறிப் பெருகிவிட்டதாக 2014இல் தெரிய வந்தபோது, இவ்விஷத்துக்குப் பழகாத அந்நாட்டுப் பாம்புகள் இதைத் தின்று மடியுமே என்று ஆராய்ச்சியாளர்கள் கவலை கொண்டார்கள். மனிதன் தொட்டால் ஒன்றும் நேராது. தொட்ட கையைக் கண்ணில் வைக்காமல் கழுவிவிட்டால் போதும்.

இதைவிடக் கொடிய பழி ஒன்றும் தேரையின்மேல் உண்டு. பருப்பு வற்றிப்போன தேங்காயைத் தேரை விழுந்தது என்கிறோம். உடம்பு தேயும் குழந்தையையும் அவ்வாறே சொல்கிறோம். தேங்காய் வற்றுவதற்குச் சத்துக் குறைவும் மகரந்தச் சேர்க்கைக் குறைவும் காரணங்கள். தரையில் வாழும் தேரை தென்னை ஏறுவதே இல்லை. குழந்தை தேய்வதற்குக் காரணம் பெரும்பாலும் போஷாக்கின்மையும் ஓயாத வயிற்றுப்போக்குமாக இருக்க, பாலும் வைத்தியமும் தேட வேண்டிய நேரத்தில் பழியை ஒரு வாயில்லாப் பிராணியின்மேல் போட்டுவிட்டு மந்திரித்துக்கொண்டிருந்தது நம் சமூகத்தின் அறியாமை மட்டுமன்று, அநீதியும் ஆகும்.

ஆகார விஷயத்தில் தவளை விசித்திரமான பிராணி. அசையாத பொருள் அதற்கு உணவாகத் தெரிவதே அரிது. 1959இல் லெட்வின் முதலிய நால்வர், தவளையின் கண்ணிலிருந்து மூளைக்குச் செல்லும் நரம்புகளை ஆராய்ந்து, சிறியதாய், கருமையாய், நகர்வதாய் உள்ள பொருளுக்கே கிளர்ச்சி கொள்ளும் இழைகள் அவற்றில் இருப்பதைக் கண்டார்கள். செத்த ஈக்கள் சுற்றிலும் குவிந்திருக்கப் பட்டினியாலே சாகக்கூடிய ஜீவன் இது. நாக்கு முன்பக்கம் ஒட்டியிருப்பதால் வெளியே மடிந்து வீசப்படுகிறது. பிடித்த இரையை விழுங்கும்போது கண்களை உள்ளுக்கு இழுத்து, அவற்றின் அழுத்தத்தாலும் இரையைத் தொண்டைக்குள் தள்ளுகிறது. ஆனால் பூச்சி தின்பதே தவளையின் தர்மம் என்று பொதுவிதி வகுத்துவிடவும் வேண்டாம். கல்லூரிப் பரிசோதனைச் சாலைகளில் நம் மாணவர்கள் தலைமுறை தலைமுறையாக அறுத்துப் பார்த்த பச்சைக் குளத்துத் தவளை, வளர்ந்த பின் நீர்த்தாவரங்களின் இலையையும் ஏராளமாகத் தின்கிறது என்று பிற்காலத்து ஆராய்ச்சி காட்டியிருக்கிறது. அத்தனை வயிறுகளை அறுத்தும் இது ஏன் நெடுநாள் நம் பாடப்புத்தகங்களில் ஏறவில்லை என்பது வேறு விசாரணைக்கு உரியது.

தோலே வாழ்வாக இருப்பதன் மறுபக்கம், தோலே சாவின் வாயிலாகவும் ஆவது. 1998இல் பனாமாவிலும் ஆஸ்திரேலியாவிலும் கூட்டங்கூட்டமாக மடிந்த தவளைகளை ஆராய்ந்தவர்கள், அவற்றின் தோலில் ஒரு வகைப் பூஞ்சக்காளான் பற்றியிருந்ததைக் கண்டார்கள். தோலின் வழியே உப்புகளின் போக்குவரவு கெட்டு, இரத்தத்தில் அவற்றின் அளவு தாழ்ந்து, இறுதியில் இருதயம் நின்றுவிடுகிறது. இந்நோயால் 501 இனங்களேனும் குறைந்துபோயின என்றும், அவற்றுள் 90 இனங்கள் அற்றேபோயிருக்கக்கூடும் என்றும் 2019இல் ஒரு கணிப்பு வெளியாயிற்று. நம் நாட்டில் தவளைக்கு நேர்ந்த பெரிய ஆபத்து வேறு வகையானது. மேல்நாட்டு உணவுக்காகப் பின்னங்கால்களை வெட்டி ஏற்றுமதி செய்த வியாபாரம் அது. 1985இல் நம் வயல் தவளையும் குளத்துத் தவளையும் சர்வதேச வாணிபக் கட்டுப்பாட்டின் கீழ் வந்தன. 1987இல் இந்திய அரசாங்கம் ஏற்றுமதியையே தடுத்துவிட்டது. ஆனால் வயலில் தெளிக்கும் பூச்சிமருந்து ஈரமான அந்தத் தோலைத் தொடாமல் விடுவதில்லை. அதற்கு ஏற்றுமதித் தடை பரிகாரமாகாது.

வாசகர்கள் செய்யக்கூடியது ஒன்றுண்டு. குளியலறையில் தேரை வந்து உட்கார்ந்திருந்தால், அதை ஓட்டுவதற்காக உப்பையோ பினாயிலையோ அதன்மேல் போட வேண்டாம். நமக்குத் தோலோடு நின்றுவிடும் அப்பொருள்கள் அதற்கு நேரே இரத்தத்தில் கலக்கும் நஞ்சு. கையை நீரில் நனைத்துக்கொண்டு, அல்லது ஒரு குவளையைக் கவிழ்த்து மூடி, மெல்ல எடுத்துப் போய் வாழையடியிலோ தொட்டிச்செடியின் நிழலிலோ விட்டுவிட்டுக் கையைக் கழுவிக்கொள்ளுங்கள். கோடைக் காலமாயின், அருகே அகலமான மண்சட்டி ஒன்றில் இரண்டு விரற்கடை நீரும் ஊற்றி வையுங்கள்.